ஃப்ரெடி மெர்க்குரியின் சிறுவயது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்வீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியைப் பற்றிப் பேச்செடுத்தால், நம்மவர்கள் பாட்டுக்கு முன்னால் பிறப்பைத்தான் விசாரிக்கிறார்கள். 2018-இல் அவர் வாழ்க்கையை வைத்துத் திரைப்படம் வந்து, அதில் நடித்த ராமி மாலெக் ஆஸ்கரும் வாங்கிய பிறகு இந்த விசாரணை பல மடங்காகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் தொனியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 1946 முதல் 1970 வரையிலான காலம்தான் இதன் எல்லை. அதற்குப் பிந்திய கதை தேவைப்படும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும்.

ஃப்ரெடி மெர்க்குரி இந்தியரா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

இந்தியப் பார்சிப் பெற்றோருக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவொன்றில் பிறந்து, இந்தியாவில் பள்ளிப் படிப்பு படித்து, இங்கிலாந்தில் கலைஞராகி அங்கேயே மறைந்தவர். ஒரு வரிதான், ஆனால் நீங்கள் எதிர்பார்த்த ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ அதில் இருக்காது.

பிறந்த தேதி 1946 செப்டம்பர் 5. ஊர், சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுன். அன்று அது சுல்தான் ஒருவர் அரியணையில் இருக்க, பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த பகுதி. இன்று டான்சானியாவைச் சேர்ந்தது. அப்பா பொமி பல்சாரா, அம்மா ஜெர் பல்சாரா. இருவரும் குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். வீட்டு மொழி குஜராத்தி. தங்கை கஷ்மீரா 1952-இல் பிறந்தார்.

பார்சி என்றால் பாரசீகர்தானே? நாம் எதற்கு உரிமை கொண்டாட வேண்டும்?

பார்சிகளின் முன்னோர் ஈரானிலிருந்து வந்த ஜொராஸ்டிரிய மதத்தினர் என்பது சரி. ஆனால் அவர்கள் குஜராத்தின் சஞ்சான் கரையில் வந்திறங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஜாம்ஷெட்ஜி டாட்டாவையோ ஹோமி பாபாவையோ யாரும் ஈரானியர் என்று சொல்வதில்லை. அதே அளவுகோல் பல்சாரா குடும்பத்துக்கும் பொருந்தும்.

ஃப்ரெடிக்கோ, பூர்விகப் பேச்சு எப்போதாவது வந்தால், பாரசீகத்தைச் சொல்வதில் ஒரு குஷி இருந்தது. அதன் காரணத்தைப் பின்னால், அவர் இந்திய அடையாளத்தை மறைத்தாரா என்ற கேள்வியில் பார்ப்போம்.

அவருடைய உண்மைப் பெயர் என்ன? ‘ஃப்ரெடி’ மேடைக்காக வைத்துக்கொண்டதா?

பெற்றோர் வைத்த பெயர் ஃபரோக் பல்சாரா. குடும்பப் பெயர் புல்சார் என்ற ஊரிலிருந்து வந்தது. தெற்கு குஜராத்தில் இருக்கும் இன்றைய வல்சாடுதான் அது.

‘ஃப்ரெடி’ மேடைக்காக வைத்த பெயர் அல்ல. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோது அங்கிருந்தவர்கள் அப்படிக் கூப்பிடத் தொடங்கினார்கள், பையனுக்கும் பிடித்துப்போயிற்று, வீட்டிலும் அதுவே நிலைத்தது. ஆக, உலகம் முழுக்க முழங்கிய அந்தப் பெயரின் முதல் பாதி இந்தியாவில் கிடைத்தது. இரண்டாம் பாதியான ‘மெர்க்குரி’ லண்டன் சரக்கு. அதற்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

பணக்கார வீட்டுப் பிள்ளையா? ‘அரச குடும்பம் போல வளர்ந்தார்’ என்று ஒரு காணொளியில் சொன்னார்களே?

அப்பா சான்சிபார் நீதிமன்றத்தில் காசாளர், அதாவது பிரிட்டிஷ் அரசாங்க ஊழியர். காலனி நாட்டில் அத்தகைய வேலைக்கு மதிப்பு இருந்தது. வீட்டில் வேலையாட்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா என்று வசதிக்குக் குறைவில்லை. அதை அரச வாழ்க்கை என்பது காணொளிக்காரரின் தாராள மனது.

அந்த வசதி உத்தியோகத்தோடு ஒட்டியிருந்த வசதி. 1964-இல் உத்தியோகமும் ஊரும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போனபோது எதுவும் மிஞ்சவில்லை. லண்டன் ஓரத்தில் ஒரு சிறிய வீட்டில், அப்பா உணவு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுத, அம்மா கடையில் விற்பனை வேலை பார்க்க, ஃப்ரெடியின் பதின்ம வயது முடிந்தது.

எட்டு வயதுப் பிள்ளையை எதற்காகக் கடல் கடந்து அனுப்பினார்கள்? மனசு வந்ததா?

மனசு வந்ததா என்று நாம் இன்று கேட்கலாம். காலனி நாடுகளில் வேலை பார்த்த இந்தியக் குடும்பங்களுக்கு அது வழக்கமான முடிவுதான். சான்சிபாரில் அவர்கள் விரும்பிய அளவுக்கு ஆங்கிலக் கல்வி இல்லை. பம்பாயில் பாட்டியும் அத்தையும் இருந்தார்கள். கப்பல் போக்குவரத்தும் இருந்தது. பம்பாயிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், சதாரா மாவட்டத்து மலையில், பிரிட்டிஷார் உடல் தேற்றிக்கொள்வதற்காக உருவாக்கிய ஊர் பஞ்ச்கனி. குளிர்ச்சியான அந்த ஊர் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போனது. அங்கிருந்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். ஆங்கிலேயப் பள்ளிகளின் அச்சு அசலான நகல்: சீருடை, பிரார்த்தனைக் கூடம், கிரிக்கெட், மணியடித்தால் சாப்பாடு.

விடுமுறை எல்லாவற்றுக்கும் வீடு திரும்ப முடியாது. பல விடுமுறைகளைப் பம்பாயில் உறவினர் வீட்டில்தான் கழித்தார். அவர் புறப்பட்டபோது தங்கை கைக்குழந்தைப் பருவத்தை அப்போதுதான் தாண்டியிருந்தாள். இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்ததாகச் சொல்ல முடியாது. விடுதி வாழ்க்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னாரே தவிர, ஏக்கத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. மேடையில் எழுபதாயிரம் பேரை ஆட்டிவைத்த மனிதர் கீழே இறங்கினால் கூச்ச சுபாவி என்று பழகியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டையும் முடிச்சுப் போடுவது உளவியல் வித்தகர்களின் வேலை. நான் போடவில்லை.

பியானோவை யாரிடம், எங்கே கற்றார்?

பஞ்ச்கனியில்தான். பள்ளியில் பாடத்தோடு சேராத, தனிக் கட்டணம் கட்டிக் கற்கவேண்டிய விஷயமாகப் பியானோ இருந்தது. பையனுக்கு இதில் தனித் திறமை தெரிகிறது, கூடுதலாகக் கட்டணம் கட்டி முறையாகக் கற்றுக்கொடுக்கலாமே என்று தலைமையாசிரியர் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பெற்றோர் சம்மதித்தார்கள். என்னைக் கேட்டால், க்வீன் வரலாற்றில் அதிகம் பேசப்படாத முக்கியமான ஆவணம் அந்தக் கடிதம்தான். காசாளர் வீட்டுக் கணக்கில் ‘இது வேண்டாத செலவு’ என்று ஒரு கோடு விழுந்திருந்தால் மிச்சக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

எழுத்து, செய்முறை இரண்டிலும் நான்காம் நிலைவரை தேறினார். இது மேதைக்குரிய உயரம் ஒன்றும் இல்லை. ஒழுங்காகப் படித்த பிள்ளைகள் எட்டக்கூடியதுதான். அவரிடம் தனித்திருந்தது காது. வானொலியில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு நேரே போய் உட்கார்ந்து அப்படியே வாசித்துவிடுவார் என்று உடன் படித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பள்ளியின் பாடற்குழுவிலும் இருந்தார். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பாட்டுமுறை அந்த வயதிலேயே காதில் விழுந்தது. க்வீன் பாடல்களில் மூன்று பேர் குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு பெரும் கூட்டமே பாடுவதுபோல் ஆக்கியிருப்பார்கள் அல்லவா? அந்த ரசனைக்கு ஆரம்பம் தேடுபவர்கள் தேவாலயப் பாடல் பாடிய அந்தச் சிறுவர் குழுவைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

பள்ளியிலேயே இசைக்குழு வைத்திருந்தாராமே? அதிலும் அவர்தான் பாடகரா?

குழு இருந்தது. பெயர் ‘தி ஹெக்டிக்ஸ்’. 1958 வாக்கில், பன்னிரண்டு வயதில், வகுப்புத் தோழர்கள் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கியது. ஆனால் முன்னால் நின்று பாடியவர் வேறொரு மாணவர். நம்மவர் பக்கத்தில் பியானோ வாசித்துக்கொண்டு, கூடவே குரல் கொடுத்தார். உலகின் மிகச் சிறந்த ராக் பாடகர்களில் ஒருவர் என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவரை, பள்ளிக் குழுவில் இரண்டாம் வரிசையில் வைத்திருந்தார்கள்.

பள்ளி விழாக்களில் வாசித்தார்கள். எல்லாம் அன்றைய ராக் அண்ட் ரோல் பாடல்களின் நகல்கள். சொந்தமாக எதுவும் எழுதவில்லை. குழுவில் கிடார் வாசித்த டெரிக் பிராஞ்ச் பிற்காலத்தில் பிரிட்டனில் நடிகரானார். டிரம்ஸ் வாசித்த விக்டரி ராணா நேபாள ராணுவத்தில் ஜெனரலாகி, சைப்ரஸில் ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை தாங்கினார். ஒரு மலைப்பள்ளியின் ஐந்து பையன்களில் ஒரு ராக் நட்சத்திரம், ஒரு நடிகர், ஒரு தளபதி! அந்த விடுதியில் சாப்பாடு என்ன போட்டார்களோ தெரியவில்லை.

லதா மங்கேஷ்கர் பாடல்களைக் கேட்டுத்தான் வளர்ந்தார், அதுதான் அவர் இசையின் வேர் என்கிறார்கள். உண்மையா?

இந்தியக் கட்டுரைகள் இதைச் சொல்லாமல் முடிவதில்லை. லதா அவருடைய ஆரம்பகாலப் பாதிப்புகளில் ஒருவர் என்று வாழ்க்கைக் குறிப்புகளும் சொல்கின்றன. 1950-களின் பம்பாயில் விடுமுறையைக் கழித்த ஒரு சிறுவனின் காதில் லதாவின் குரல் விழாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆகவே ‘கேட்டிருக்கிறார்’ என்பதில் சந்தேகம் வேண்டாம்.

‘அதுதான் வேர்’ என்பதுதான் இடிக்கிறது. க்வீன் பாடல்களை எடுத்து ராகம் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; ஒரு கமகம் கிடைத்தால்கூடத் திருவிழா கொண்டாடிவிடுவார்கள். கிடைப்பதோ பியானோ நாண்கள், மேற்கத்திய அடுக்குக்குரல், நாடக மேடைப் பாட்டின் வளைவுநெளிவு, ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல். அவர் எதைக் கற்றார், எதை வாசித்தார் என்பதைப் பார்த்தால் (மேலே உள்ள இரண்டு பதில்கள்) இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இதனால் அவர் குறைந்த இந்தியர் ஆகிவிடவும் இல்லை. பம்பாய்ப் பார்சிகளிடம் மேற்கத்திய இசை பல தலைமுறையாகப் புழங்கியது. மெஹ்லி மேத்தா பம்பாயில் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியது 1935-இல். அவர் மகன் ஜூபின் மேத்தா உலகின் பெரிய இசைக்குழு நடத்துநர்களில் ஒருவரானார். பியானோவின் முன் உட்கார்ந்த ஒரு பார்சிச் சிறுவன் அன்றைய பம்பாய்க்கு அந்நியக் காட்சி இல்லை. இந்தியாவில் வளர்ந்தால் இந்திய ராகம்தான் வரவேண்டும் என்று நாமே நமக்கு ஒரு வேலி போட்டுக்கொள்கிறோம்.

சரி, லதா இல்லையென்றால் சிறுவயதில் யாரைப் பார்த்து வாசித்தார்?

லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டோமினோ, எல்விஸ் பிரெஸ்லி, க்ளிஃப் ரிச்சர்ட். முதல் இருவரும் பியானோவில் உட்கார்ந்து பாடியவர்கள் என்பதைக் கவனியுங்கள். அதிலும் லிட்டில் ரிச்சர்ட், பளபளக்கும் உடையும் கூச்சலும் குதியாட்டமுமாகப் பியானோவையே ஒரு மேடை நாடகமாக்கியவர். பியானோ தெரிந்த, கூச்சமுள்ள ஒரு பள்ளிப் பையனுக்கு ‘இப்படியும் செய்யலாம்’ என்று வழிகாட்ட அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

க்ளிஃப் ரிச்சர்டைப் பற்றி ஒரு கிளைக்கதை. பஞ்ச்கனிப் பிள்ளைகள் ‘இங்கிலாந்து நட்சத்திரம்’ என்று நினைத்து நகலெடுத்த அவர் 1940-இல் லக்னோவில் பிறந்தவர். குடும்பத்தோடு கப்பலேறி இங்கிலாந்து போனது 1948-இல்.

இந்தப் பாடல்கள் மலைமேல் எப்படி வந்து சேர்ந்தன என்றும் சிலர் கேட்பதுண்டு. இசைத்தட்டுகள் இருந்தன. அன்றைய இந்தியாவில் மேற்கத்திய ஜனரஞ்சகப் பாடல்களுக்கு ரேடியோ சிலோன் பெரிய ஊற்று. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்கே முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம் அது.

படிப்பில் எப்படி? இசையைத் தவிர வேறு எதுவும் தெரியாதா?

ஆரம்ப ஆண்டுகளில் நன்றாகவே படித்தார். 1958-இல் பள்ளியின் இளையோர் பிரிவில் எல்லாத் துறையிலும் சிறந்த மாணவருக்கான கோப்பை அவருக்குக் கிடைத்தது. மேசைப்பந்தில் பள்ளிச் சாம்பியன். ஹாக்கி ஆடினார். குத்துச்சண்டையும் போட்டார், செய்தி தெரிந்ததும் அம்மா தடுத்துவிட்டார். எப்போதும் வரைந்துகொண்டிருப்பார். பின்னாளில் ஓவியக் கல்லூரிக்குப் போனது திடீர் முடிவல்ல.

எனக்கு மிகவும் பிடித்த சான்று அவருடைய தபால்தலைச் சேகரிப்பு. அப்பாவும் சேகரித்தவர். ஃப்ரெடி பத்து வயதை ஒட்டிய ஆண்டுகளில் சேர்த்த ஆல்பம் இன்று லண்டனின் அஞ்சல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்புப் பக்கங்கள். மற்றப் பிள்ளைகளைப் போல விலையையோ ஆண்டையோ பார்த்து ஒட்டாமல், நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து, இடமும் வலமும் சமமாக அமையும்படி அடுக்கியிருக்கிறார். க்வீன் குழுவின் சின்னத்தைப் பிறகு அவரே வரைந்தார்: நடுவில் ‘க்யூ’ எழுத்து, அதனுள் கிரீடம், இருபுறமும் சிங்கங்கள், மேலே நெருப்புப் பறவை. ஆல்பத்தையும் சின்னத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே கை என்று தெரியும்.

பல் எடுப்பாக இருந்ததற்காகக் கேலி செய்தார்களாமே? ஏன் சரிசெய்துகொள்ளவில்லை?

கேலி செய்தார்கள். பல்லை வைத்தே பட்டப்பெயரும் இருந்தது. பின்பக்கம் கூடுதலாக நான்கு பற்கள் முளைத்ததால் முன்பற்கள் தள்ளப்பட்டிருந்தன. பணம் வந்த பிறகும் அவர் சரிசெய்யவில்லை. வாயின் அமைப்பு மாறினால் குரலும் மாறிவிடும் என்று பயந்தார். அந்தப் பற்களால்தான் அப்படிப் பாட முடிந்தது என்பது ரசிகர் கற்பனை. பேசும்போதும் சிரிக்கும்போதும் உதட்டால் அல்லது கையால் பல்லை மறைக்கும் பழக்கம் மட்டும் கடைசிவரை இருந்தது. பழைய பேட்டிகளில் பார்க்கலாம்.

சான்சிபாரை விட்டு ஏன் ஓடிவந்தார்கள்?

பஞ்ச்கனி முடிந்து 1963-இல் ஃப்ரெடி பெற்றோரிடம் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பர் 10-இல் சான்சிபார் விடுதலை பெற்றது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் நிலைத்தது. 1964 ஜனவரி 12-இல் புரட்சி வெடித்து சுல்தான் தூக்கியெறியப்பட்டார். அரேபியரும் இந்தியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஏப்ரலில் தீவு, எதிர்க்கரையில் இருந்த டாங்கனிகாவோடு இணைந்தது. டான்சானியா அப்படிப் பிறந்தது. பிரிட்டிஷ் அரசு ஊழியரான ஓர் இந்தியருக்கு அந்தத் தீவில் இனி என்ன பாதுகாப்பு?

எடுத்துக்கொள்ள முடிந்ததை எடுத்துக்கொண்டு 1964-இல் இங்கிலாந்து போனார்கள். ஃப்ரெடிக்கு வயது 17. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகில் ஃபெல்தம் என்ற புறநகரில் குடியேறினார்கள். அந்த வீட்டில் 2016-இல் நீல நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

லண்டன் வந்ததும் நேராக இசைக்குப் போய்விட்டாரா?

முதலில் ஐல்வொர்த்தில் ஒரு கல்லூரியில் ஓவியப் பாடம். 1966-இல் ஈலிங் கலைக் கல்லூரி. வரைகலையில் 1969-இல் பட்டயம். ஈலிங் அன்று ராக் இசைக்காரர்களின் நாற்றங்கால். ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் அங்கே படித்தவர்தான்.

அவர் ஈலிங்கில் நுழைந்த அதே 1966 செப்டம்பரில் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்திறங்கினார். ஃப்ரெடியின் வாழ்க்கையில் பியானோ ஆசிரியருக்கு அடுத்தபடியாக யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் ஹென்ட்ரிக்ஸைத்தான் சொல்வேன். அவர் வாசித்த இடங்களுக்கெல்லாம் பின்னாலேயே போனார், அவரை வரைந்து வரைந்து தள்ளினார், அறைச் சுவரெல்லாம் ஹென்ட்ரிக்ஸ். ஆனால் கிடார் கலைஞனாக முயலவில்லை. அவர் எடுத்துக்கொண்டது வேறு. வெள்ளையர் நிறைந்த லண்டன் மேடையில் வெள்ளையரல்லாத ஒருவர் பட்டும் சரிகையுமாக வந்து நின்று, பார்ப்பவர்களின் வாயைப் பிளக்க வைக்க முடியும் என்பதை அவர் கண்ணால் கண்டார். 1970 செப்டம்பர் 18-இல் ஹென்ட்ரிக்ஸ் இறந்தபோது ஃப்ரெடியும், க்வீனில் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லரும் தாங்கள் நடத்திய துணிக்கடையை அன்றைக்கு மூடினார்கள்.

துணிக்கடையா? விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார் என்றல்லவா படத்தில் காட்டினார்கள்?

இரண்டும் உண்மை. மாணவனாக இருந்தபோது கைச்செலவுக்கு ஹீத்ரோவில் சுமை ஏற்றி இறக்கினார். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலை. படிப்பு முடிந்த காலத்தில் கென்சிங்டன் சந்தையில் ரோஜர் டெய்லருடன் ஒரு சிறிய கடை போட்டு, பழைய பாணித் துணிகளும் தன் ஓவியங்களும் விற்றார்.

படத்தில் ஒரு வாகன நிறுத்தத்தில் க்வீனின் கிடார் கலைஞர் பிரையன் மேயையும் ரோஜரையும் பார்த்து, அங்கேயே பாடிக் காட்டிச் சேர்ந்துவிடுகிறாரே? அவ்வளவு எளிதா?

திரைக்கதைக்கு அது வசதி. உண்மையில் ஈலிங்கில் அவருக்கு டிம் ஸ்டாஃபெல் நண்பர். அவர்தான் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரோடும் சேர்ந்து ‘ஸ்மைல்’ குழுவை நடத்தியவர். ஃப்ரெடி ஸ்மைல் கச்சேரிகளுக்குப் போய், முடிந்தபின் ‘இப்படி உடுத்துங்கள், அப்படி நில்லுங்கள்’ என்று கேட்காத ஆலோசனைகளை அள்ளி வீசுவார். பின்னால் அதே ஆலோசனைகளைத் தானே நடத்திக் காட்டினார்.

அதோடு, அவர் பாட வந்தபோது கற்றுக்குட்டி இல்லை. 1969-இல் லிவர்பூலைச் சேர்ந்த ஐபெக்ஸ் குழுவில் சேர்ந்தார். அது பிறகு ரெக்கேஜ் என்று பெயர் மாறியது. 1970 தொடக்கத்தில் ‘சவர் மில்க் ஸீ’ என்ற இன்னொரு குழு. எதுவும் நிலைக்கவில்லை. டிம் விலகிய பிறகு 1970 ஏப்ரலில் பிரையனும் ரோஜரும் ஃப்ரெடியும் ஒன்று சேர்ந்தார்கள். ‘க்வீன்’ என்று பெயரிட்டவர் ஃப்ரெடி. பேஸ் கிடார் வாசித்த ஜான் டீக்கன் வந்தது 1971-இல். முதல் இசைத்தட்டு 1973-இல். பஞ்ச்கனியின் பள்ளிக் குழுவிலிருந்து எண்ணினால் பதினைந்து ஆண்டு.

‘மெர்க்குரி’ எங்கிருந்து வந்தது? அப்பா பெயரை உதறியதில் குடும்பத்துக்கு வருத்தம் இல்லையா?

1970 வாக்கில் மாற்றிக்கொண்டார். அவர் எழுதிய ‘மை ஃபேரி கிங்’ பாட்டில் ‘மெர்க்குரி தாயே’ என்று விளிக்கும் வரி ஒன்று வருகிறது. அது தன் தாயைக் குறிப்பதாகச் சொல்லி அந்தப் பெயரையே ஃப்ரெடி சூடிக்கொண்டார் என்று பிரையன் மே சொல்லியிருக்கிறார். படத்தில் வரும் அப்பா முகத்தை இறுக்கிக்கொள்கிறார். ஆனால் குடும்ப உறவு அறுந்ததாக எந்தத் தடயமும் இல்லை. கடைசிவரை பெற்றோர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்வந்தார். அவர்களுக்கு அவர் ‘ஃப்ரெடி’யாகவே இருந்தார்.

பாட்டில் ‘பிஸ்மில்லா’ என்று வருகிறதே, முஸ்லிமாக மாறிவிட்டாரா?

இல்லை. பார்சிக் குடும்பங்களின் வழக்கப்படி சிறுவயதில், பிள்ளையை மதத்தில் முறைப்படி சேர்க்கும் நவ்ஜோத் சடங்கு நடந்தது. 1991 நவம்பர் 24-இல் இறந்தபோது, ஜொராஸ்டிரியக் குருமார்கள் லண்டனில் இறுதிச் சடங்கை நடத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் மதப் பற்றுள்ளவராக வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

‘பிஸ்மில்லா’ வரும் ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டு வெளிவந்தது 1975-இல். அந்தச் சொல்லை ஏன் வைத்தார் என்று அவர் விளக்கியதில்லை. தன் பாட்டுக்கு உரை எழுதுவது அவருக்குப் பிடிக்காத வேலை. 1978-இல் வந்த ‘முஸ்தபா’வில் அரபு ஒலியில் ஒரு பாட்டையே கட்டினார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தீவில் பிறந்தவருக்கு அந்த ஒலிகள் பழக்கமானவைதான். அதற்குமேல் பொருள் ஏற்றுவது அவரவர் விருப்பம்.

சிறுவயதின் சுவடு வேறெந்தப் பாட்டிலாவது தெரிகிறதா?

நேரடியாகத் தெரிவது குறைவு. அவர் சான்சிபாரையோ பஞ்ச்கனியையோ பெயர் சொல்லிப் பாடவில்லை. ஆரம்ப இசைத்தட்டுகளில் ‘ரை’ என்றொரு கற்பனை நாடு திரும்பத் திரும்ப வருகிறது. அது தங்கையும் அவரும் கட்டிய கனவு நாடு என்று சொல்வார்கள். இருவரும் சேர்ந்திருந்த காலம் எவ்வளவு என்பதை மேலே பார்த்தோம், அதனால் அழுத்திச் சொல்லத் தயக்கம்.

என் காதுக்குத் தெளிவாகக் கேட்பது 1979-இன் ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’. மியூனிக்கில் விடுதிக் குளியல் தொட்டியில் இருந்தபடி உதித்த மெட்டு. தனக்கு அரைகுறையாகத் தெரிந்த கிடாரில் சில நிமிடங்களில் முடித்தார். எல்விஸ் பாணி, ஐம்பதுகளின் துள்ளல். பெரும் அடுக்குமாளிகைப் பாட்டுகள் கட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று பஞ்ச்கனிப் பள்ளி விழாவில் வாசித்திருக்கக்கூடிய ஒரு பாட்டை எழுதினார். அமெரிக்காவில் க்வீனுக்கு முதலிடம் பெற்றுத் தந்த முதல் பாட்டு அதுதான்.

நேராகக் கேட்கிறேன்: இந்தியர் என்று சொல்ல வெட்கப்பட்டாரா?

இதுதான் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி. அவர் பொய் சொல்லவில்லை. தானாக முன்வந்து சொல்லவும் இல்லை. நிருபர்கள் பூர்விகத்தைத் தொட்டால் சிரித்துத் திருப்பிவிடுவார், இல்லையேல் பாரசீகம் என்பார். அன்றைய பிரிட்டனில் பாரசீகம் என்றால் கம்பளமும் கவிதையும் நினைவுக்கு வரும். இந்தியர் என்றால் வசைச்சொல் வரும்.

அவர் ஈலிங்கில் படித்த 1968-இல்தான், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஆசியர்களைத் தடுக்கச் சட்டம் அவசரமாக நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசியல்வாதி ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கிய உரையை நிகழ்த்தினார். க்வீன் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்துகொண்டிருந்த 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டினார். அவர்களில் இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்டோர் பிரிட்டனுக்கு வந்தபோது வரவேற்பும் எதிர்ப்பு ஊர்வலமும் சேர்ந்தே நடந்தன. அப்படி ஒரு நாட்டில், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்திய இளைஞன் ராக் பாடகனாக முயன்றான். ‘பல்சாரா’ என்று சுவரொட்டி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துவிட்டு ‘வெட்கம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். என் கணிப்பில் அது பிழைக்கும் வழி தெரிந்தவரின் மௌனம். கொஞ்சம் சங்கடமும் அதில் கலந்திருக்கலாம், இல்லை என்று நான் வாதாட மாட்டேன். பணமும் புகழும் குவிந்த எண்பதுகளிலும் அந்த மௌனத்தை அவர் கலைக்கவில்லை என்பதும் உண்மை.

அவருடைய சிறுவயது இடங்களை இப்போது போய்ப் பார்க்க முடியுமா? இந்தியாவில் கச்சேரி செய்திருக்கிறாரா?

அவர் உயிரோடு இருந்தவரை க்வீன் இந்தியாவில் வாசித்ததில்லை. சான்சிபாரிலும் இல்லை.

ஸ்டோன் டவுனில் 2019 முதல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் உண்டு. உள்ளூர் உறவு அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை: 2006-இல் அவருடைய அறுபதாவது பிறந்த நாளைக் கொண்டாடத் திட்டமிட்டபோது, தன்பாலின உறவு கொண்டவருக்கு விழாவா என்று ஒரு மத அமைப்பு எதிர்த்ததால் விழா கைவிடப்பட்டது. அதே 2006-இல், கடந்த அறுபது ஆண்டுகளின் ஆசிய நாயகர்கள் பட்டியலில் டைம் இதழின் ஆசியப் பதிப்பு அவரைச் சேர்த்தது. பஞ்ச்கனிப் பள்ளி இன்றும் நடக்கிறது. அது பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதால், ரசிகர்கள் முன்னனுமதி இல்லாமல் வாயிலில் போய் நிற்காமல் இருப்பது நல்லது.